இன்னும் பாதையில் இருக்கும் 417

கோடைமலைத் துல்லிய ஓட்டப் பேரவைக்குக் கைக்கடிகாரத்தில் நம்பிக்கை கிடையாது, கண்பார்வையில் நம்பிக்கை கிடையாது, மனிதர்கள் வாயால் சொல்வதில் சுத்தமாகக் கிடையாது. இரண்டாயிரத்து எட்டாம் வருஷம், ஏரிக்கரையில் கிளம்பி செண்பகனூர் வரை இறங்கி மறுபடி ஏரிக்கரைக்கே ஏறி வரும் ஓட்டப் பந்தயம் ஒன்றை நடத்துவதென்று அது முடிவு செய்தபோது, தலைவர் பரமானந்தம் முதல் கூட்டத்திலேயே எழுந்து நின்று இதைத் தெளிவாக்கிவிட்டார். தராசுகளையும் எடைக்கற்களையும் சோதிக்கும் உத்தியோகத்தில் முப்பத்திரண்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அத்தனை வருஷத்தில் சரியான தராசு ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

"ஒருத்தர் ஓடி வந்தாரா இல்லையாங்கிறதை இனிமே யாரும் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. காலில் ஒரு சிப், தரையில் ஒரு பாய், மேஜையில் ஒரு கம்ப்யூட்டர். பார்க்கிற வேலையிலேர்ந்து மனுஷனுக்கு நாங்க விடுதலை கொடுத்துட்டோம்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

கூட்டம் நடந்த விருந்தினர் விடுதிக்குத் தோட்டக்காரர் வேலுசாமி. அந்த நேரத்தில் அவர் ஜன்னலுக்கு வெளியே டேலியாச் செடிகளுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். கைதட்டலைக் கேட்டு யாருக்கோ கல்யாணம் முடிவாகியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

பெயர் கொடுத்திருந்த நானூற்றுப் பதினாறு பேரும் சென்னை, பெங்களூர், கோயம்புத்தூர்க்காரர்கள். நன்கொடை கொடுத்தவர்களோ உள்ளூர்க்காரர் ஒருவராவது ஓடியாக வேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தார்கள். உள்ளூர்க்காரர் என்றால் எங்கே போய்த் தேடுவது என்று பேரவை அரைமணி நேரம் விவாதித்தது. கடைசியில் யாரோ ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

வேலுசாமி முடியாது என்றுதான் சொன்னார். எனக்கு ஐம்பத்துமூன்று வயதாகிவிட்டது, தினமும் செண்பகனூரிலிருந்து இந்த மேட்டை ஏறித்தான் வேலைக்கு வருகிறேன், சாயங்காலம் இறங்கிப் போகிறேன், அதுவே போதும் என்றார்.

"அது நடை. அதைப் பதிவு பண்ண ஆள் கிடையாது. பதிவு ஆகாததெல்லாம் நடந்த கணக்கில் வராது" என்று பரமானந்தம் அன்பாகவே விளக்கினார்.

வேலுசாமிக்கு இந்தப் பேச்சு புதிதில்லை. அவர் பிறந்தது இலங்கையில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான ஒரு லயத்தில். விடிந்தும் விடியாமல் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவதை அங்கே பெரட்டு என்பார்கள். ஒருநாள் அவருடைய அப்பா பெரட்டுக்குப் பத்து நிமிஷம் பிந்திப் போனார். அன்று பொழுது சாயும் வரை மலையில் நின்று கொழுந்து பறித்தார். ஆனாலும் அவருக்குப் பேர் விழவில்லை, அன்றைய கூலியும் இல்லை. மலையில் நின்றதும் உண்மைதான், பேர் விழாததும் உண்மைதான், ஆனால் இரண்டாவது உண்மைக்குத்தான் கங்காணியிடம் மதிப்பு. பதினெட்டு வயதில் கப்பலேறி இந்தப் பக்கம் வந்த பிறகு, அந்த மாதிரிக் கணக்குகளை அக்கரையிலேயே விட்டுவிட்டு வந்ததாக வேலுசாமி நம்பிக்கொண்டிருந்தார்.

அவர் மனம் மாறியது படிவத்தைப் பார்த்த பிறகுதான். பேரவை அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் ஜென்சி என்ற பெண், படிவத்தின் கடைசிக் கட்டத்தில் விரலை வைத்து, இங்கே யாருடைய போன் நம்பரையாவது கொடுங்கள் என்றாள். எல்லைப் பாயை மிதித்த அந்த நொடியில் கம்ப்யூட்டரே அந்த நம்பருக்கு, உங்கள் ஆள் நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டார் என்று செய்தி அனுப்பிவிடுமாம்.

"தானாவேயா?" என்று கேட்டார் வேலுசாமி.

"தானாவேதாங்க. நீங்க ஒண்ணும் பேச வேண்டியதில்ல."

வேலுசாமி சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து அதிலிருந்த நம்பரை வாசித்தார். அது திருப்பூரில் இருக்கும் அவருடைய மகள் சத்தியபிரியாவின் நம்பர்.

மனைவி இறந்த பிறகு வேலுசாமிக்கு இருந்தது அந்த ஒரே பெண்தான். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போனவள், அங்கேயே ஒருவனைப் பிடித்துப்போய் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டு, மாப்பிள்ளையோடு வீட்டு வாசலில் வந்து நின்றாள். எனக்குப் பெண்ணே இல்லை, வந்த வழியே போ என்று வேலுசாமி சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் வருத்தப்பட்டார். ஆனால் அவள் சொன்னபடி கேட்டு வளர்ந்த பெண், வந்த வழியே போய்விட்டாள். அதற்கு இப்போது இரண்டரை வருஷம். நம்பரை அவளுடைய சிநேகிதி சுமலதாவிடம் கெஞ்சி வாங்கி வைத்திருந்தார். எத்தனையோ சாயங்காலம் அதை ஒவ்வொரு எண்ணாக அழுத்தியிருக்கிறார், மணி அடிப்பதற்குள் துண்டித்துமிருக்கிறார். எடுத்தால் முதல் வார்த்தை என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த முதல் வார்த்தையை ஒரு இயந்திரம் தன் சார்பில் பேசிவிடுமென்றால், அதற்காக எந்த மேட்டையும் ஓடி ஏறலாம் என்று தோன்றியது.

பேரவை அவருக்கு 417 என்ற எண்ணையும் ஒரு ஜோடி வெள்ளைச் சப்பாத்தையும் கொடுத்தது. ஷூவுக்கு அவர் வாயில் வரும் சொல் இன்னமும் அதுதான். நேர அதிகாரி ஜேசன், ஐம்பது காசு அளவில் இருந்த ஒரு சிப்பைச் சப்பாத்துக் கயிற்றில் கோர்த்துக் கட்டிவிட்டான். வேலுசாமி அதைக் காதருகே வைத்துப் பார்த்தார். சத்தமே இல்லை.

"அதுக்குள்ள பேட்டரி கெடையாதுங்க. அதுபாட்டுக்குத் தூங்கும். பாய்க்குள்ள கம்பிச்சுருள் இருக்கு, அதுல கரன்ட் ஓடுது. பாய் மேல கால் வெச்சீங்கன்னா அந்த வேகத்துல இது முழிச்சுக்கிட்டு தன் நம்பரைச் சொல்லும். பாய் அதைக் கேட்டு டைம் போட்டுக்கும். முழங்காலுக்கு மேல தூக்கிட்டீங்கன்னா பாய்க்குக் கேக்காது" என்று ஜேசன் சொன்னான்.

யாராவது கீழே பாய் விரித்துக் கேட்டால்தான் தன் பெயரைச் சொல்லும், இல்லாவிட்டால் வாயைத் திறக்காது. வேலுசாமிக்கு அந்தச் சிப்பை ஏனோ பிடித்துப்போயிற்று.

பந்தயத்துக்கு முதல் நாள் பாய்களுக்குப் பூஜை போட்டார்கள். மொத்தம் மூன்று பாய்கள். கிளம்பும் இடத்தில் ஒன்று, செண்பகனூர்த் திருப்பத்தில் ஒன்று, முடியும் இடத்தில் ஒன்று. நேரம் போதாததால் முடிவுப் பாய்க்கு மட்டும்தான் முழு மரியாதை நடந்தது. நாலு மூலையிலும் சந்தனம் குழைத்து வைத்து, அதன்மேல் குங்குமம் இட்டு, எலுமிச்சம்பழம் நறுக்கி, இருபுறமும் வாழைமரம் கட்டினார்கள். அதன் பிறகு பாதிரியார் வந்து தீர்த்தம் தெளித்தார். "துல்லியத்துக்கு மதம் கிடையாது. அதனாலதான் எல்லா மதத்தையும் கூப்பிட்டிருக்கோம்" என்றார் பரமானந்தம்.

மறுநாள் வெள்ளனே ஓட்டம் ஆரம்பித்தது. கிளம்பும் இடத்தில் முன்னும் பின்னும் ஆட்கள் நெருக்கித் தள்ளியதில் காலுக்குக் கீழே பாய் இருந்ததையே வேலுசாமி பார்க்கவில்லை. செண்பகனூர்த் திருப்பத்தில் மழைச்சேறு மூடிக் கிடந்த பாயை, தண்ணீர்க் குழாய்க்கு மேல் போட்ட ரப்பர் என்று நினைத்து மிதித்துவிட்டுப் போனார். பிறகு ஏற்றம் தொடங்கியது. வெளியூர்க்காரர்கள் ஒவ்வொருவராக இடுப்பில் கை வைத்து நின்றுவிட, முப்பது வருஷமாக ஏறிய மேட்டை வேலுசாமி இன்றும் ஏறினார், கொஞ்சம் வெரசாக ஏறினார். இருபத்தொன்பதாவது ஆளாக ஏரிக்கரைக்கு வந்தார்.

முடிவு எல்லையில் வாழைமரம் கட்டியிருந்தது. அதற்கடியில் விரித்திருந்த புதுப்பாய், மூலைக்கு மூலை சந்தனமும் குங்குமமுமாகப் பளிச்சென்று கிடந்தது. வேலுசாமி சட்டென்று நின்றார். பொட்டு வைத்த பாயைச் சேற்றுச் சப்பாத்தோடு மிதிக்க அவருக்குக் கால் வரவில்லை. யாருக்குத்தான் வரும்? பின்னால் வந்தவனுக்கு வந்தது, அவன் பெங்களூர்க்காரன். வேலுசாமி ஓரமாகக் குனிந்து சப்பாத்தைக் கழற்றி, பாயைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிவிட்டு, சப்பாத்து இரண்டையும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு மெதுவாகக் கடந்தார். கூட்டம் கை தட்டியது. ஒரு பத்திரிகைக்காரர் படம் எடுத்தார்.

கம்ப்யூட்டர் மட்டும் ஒன்றும் பேசவில்லை.

வேலுசாமி மேஜைக்குப் போய், மெசேஜ் போய்விட்டதா என்று கேட்டார். ஜேசன் திரையைப் பார்த்தான். 417 காலை ஏழு இரண்டுக்கு ஏரிக்கரையை விட்டிருக்கிறது, செண்பகனூரைத் தொட்டிருக்கிறது, அதற்குப் பிறகு தகவல் இல்லை. நீங்கள் இன்னும் வரவில்லை என்றான்.

"இந்தா நிக்கிறேனே தம்பி" என்றார் வேலுசாமி.

நிற்பது தெரிகிறது, வந்தது தெரியவில்லை என்று ஜேசன் சங்கடத்தோடு சொன்னான். பரமானந்தம் வரவழைக்கப்பட்டார். வேலுசாமி பாயைக் கடந்ததை அவரே மூன்றடி தூரத்திலிருந்து பார்த்துக் கை தட்டியிருந்தார். அதை ஜேசன் மெல்ல நினைவூட்டியபோது தலைவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"தலைவருங்கிற முறையில நான் பார்த்தது செல்லாது. விதி பன்னிரண்டு. கண்ணால் கண்டது சாட்சி ஆகாது. அதை எழுதினவனே நான்."

அப்படியானால் இப்போது ஒருதரம் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு மிதித்துவிடட்டுமா என்று வேலுசாமி கேட்டார். அது பெரிய மோசடி என்றார் பரமானந்தம். பதிவுப்படி 417 இப்போது செண்பகனூருக்கும் ஏரிக்கும் நடுவில் எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறார். அவர் சாலை வழியாகத்தான் வர வேண்டும், மேஜைப் பக்கத்திலிருந்து வரக் கூடாது. அதுமட்டுமில்லாமல், வந்து சேராத ஓட்டக்காரர் வந்து சேர்ந்தவர்களுக்கான பந்தலுக்குள் நிற்பதே விதிமீறல். ஆகவே கடைசியாக அவர் இருந்ததாகத் தெரிந்த இடத்துக்குத் திரும்பிப் போய், அங்கிருந்து முறைப்படி வரும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்.

மகளுக்குச் செய்தி போக வேண்டும், வேறொன்றும் வேலுசாமிக்கு வேண்டாம். செண்பகனூருக்கு இறங்கினார். சேற்றுப் பாயைத் தொட்டுவிட்டுத் திரும்பவும் ஏறினார். சப்பாத்து கடித்த இடத்தில் தோல் உரிந்துவிட்டதால் இந்தமுறை நடைதான் முடிந்தது, நடுவில் மழையும் பிடித்துக்கொண்டது. ஏரிக்கரைக்கு வந்தபோது மைதானத்தில் ஒரு ஆள் இல்லை. பாயைச் சுருட்டி, மேஜையை மடக்கி, எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கட்டியிருந்த வாழைமரத்தை இரண்டு மாடுகள் நின்று தின்றுகொண்டிருந்தன. பாய் கிடந்த இடத்தில் காய்ந்த புல் நீளமாகத் தெரிந்தது. வேலுசாமி சப்பாத்தோடு அதை ஒருதரம் கடந்தார். பிறகு வீட்டுக்கு இறங்கிப் போனார். அன்றைக்கு வாய்விட்டு அழுதார் என்றுதான் சொல்ல வேண்டும், பார்க்க யாரும் இல்லாததால் அதுவும் கணக்கில் வராது.

பேரவை ஓட்டக்காரர்களை அப்படிக் கைவிட்டுவிடும் அமைப்பு இல்லை. யாரேனும் ஒருவர் பாதையில் இருக்கும் வரை ஓட்டம் முடிந்ததாக ஆகாது என்று விதி முப்பத்தொன்று சொல்கிறது. அதன்படி பஸ் நிலையத்துக்கு மேலே மாடியில் இருந்த அலுவலகத்தில் கம்ப்யூட்டர் இரவும் பகலும் அணைக்கப்படாமல் ஓடியது. ஓட்டக்காரர் இருக்கும் வரை பாதையில் தண்ணீர்ப் பந்தலும் இருக்க வேண்டும் என்பதால், செண்பகனூர் ஏற்றத்தில் செல்லப்பாண்டி என்ற ஆளை, ஒரு மேஜை, ஒரு குடம், ஒரு டப்பா குளுக்கோஸ் சகிதம் உட்கார வைத்தார்கள். பந்தயம் முடிந்து பத்து நாளாகியும் அவன் உட்கார்ந்திருந்தான். வேலுசாமி தினமும் வேலைக்குப் போகும்போது அவனிடம் ஒரு டம்ளர் வாங்கிக் குடிப்பார்.

"யாருக்காகண்ணே நான் இங்க காவல் கெடக்கேன்?" என்று ஒருநாள் செல்லப்பாண்டி கேட்டான்.

"எனக்காகத்தான்பா" என்றார் வேலுசாமி. செல்லப்பாண்டி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, குளுக்கோஸும் ஒரு கரண்டி போட்டுக் கொடுத்தான்.

வேலுசாமி மனுக் கொடுக்க ஆரம்பித்தார். முதல் மனுவை ஜென்சி வாங்கிப் பார்த்துவிட்டு, வராதவர் பற்றிய மனுவை வராதவரே கொடுக்க முடியாது, உறவினர் யாராவது கொடுக்க வேண்டும் என்று வருத்தத்தோடு திருப்பிக் கொடுத்தாள். உறவினர் என்று இருப்பவளுக்குச் செய்தி சொல்லத்தானே இத்தனை பாடும் என்றார் வேலுசாமி. இரண்டாவது மனுவோடு பத்திரிகையில் வந்த படத்தை இணைத்தார். படத்தைப் பேரவை மிகக் கவனமாக ஆராய்ந்து, சிப் நெஞ்சு உயரத்தில் வந்திருப்பது இதன்மூலம் ஐயமற நிரூபணமாகிறது, இந்த ஆதாரத்தைக் கொடுத்து உதவியதற்கு நன்றி என்று பதில் எழுதியது. மூன்றாவது மனுவுக்கு விசாரணைக் குழு அமைந்தது. நான்காவது மனு, மூன்றாவது மனுவின் குழு எங்கே போயிற்று என்பதைப் பற்றியது. இருபத்தெட்டாவதாக வந்தவரும் முப்பதாவதாக வந்தவரும் பதிவில் இருக்கிறார்களே, நடுவில் ஒருவன் வந்திருக்க வேண்டுமே என்று ஐந்தாவது மனுவில் கேட்டிருந்தார். அன்றே முப்பதாவது ஆள் இருபத்தொன்பதாவது ஆக்கப்பட்டார், அவருக்குக் கீழே முந்நூற்றுச் சொச்சம் பேருக்கும் ஒவ்வோர் இடம் உயர்ந்தது.

ஆனால் மூன்றாவது மனுவுக்கும் நான்காவது மனுவுக்கும் நடுவில், வேலுசாமி எதிர்பார்க்காத காரியம் ஒன்று நடந்திருந்தது. ஒரு சாயங்காலம் ஆறு மணி தாண்டி அவருடைய போன் அடித்தது. விடுதி மேனேஜரைத் தவிர வேறு யாரும் கூப்பிட்டறியாத போன் அது. எடுத்துக் காதில் வைத்தார்.

"அப்பா" என்றது குரல்.

வேலுசாமி போனை மற்றக் காதுக்கு மாற்றி வைத்துக்கொண்டார்.

"தினமும் ஆறு மணிக்கு மெசேஜ் வருதுப்பா. உங்க ஆள் இன்னும் வந்து சேரல, பாதையில இருக்காருன்னு. மொதல்ல எவனோ ராங் நம்பர்னு விட்டுட்டேன். பெறகு உங்க பேரு போட்டிருக்கேன்னு அந்த ஆபீசுக்குப் போன் போட்டா, ஆமாம்மா இன்னும் ஓடிட்டுத்தான் இருக்காருன்னு சொல்லுறாங்க. இந்த நம்பரையும் அவுங்கதான் குடுத்தாங்க. மூணு வாரமாப்பா. நீங்க எங்கப்பா இருக்கீங்க?"

"வீட்லதாம்மா இருக்கேன். வந்துட்டேம்மா, அன்னைக்கே வந்துட்டேன். அவுங்க கணக்குலதான் வரல" என்றார் வேலுசாமி. பாய், பொட்டு, சப்பாத்து எல்லாவற்றையும் முன்னுக்குப் பின்னாகச் சொன்னார். சத்தியபிரியா சிரித்தாள். அந்தச் சிரிப்பை வேலுசாமி இரண்டரை வருஷம் கழித்துக் கேட்டார். அவள் பழைய விஷயம் எதையும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. தன் நம்பரை அந்த ஆபீசுக்கு யார் கொடுத்தார்கள் என்று அவள் கேட்கவும் இல்லை.

மறுநாள் ஆறு மணிக்குச் செய்தி போயிற்று, ஆறேகாலுக்கு அவள் கூப்பிட்டாள். இன்றும் வரவில்லையாமே என்றாள். இல்லையாம் என்றார். அதற்கடுத்த நாளும் கூப்பிட்டாள். இப்போது எங்கே வந்துகொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டால், சர்ச் வளைவு என்றோ மரக்கடை மேடு என்றோ அவர் ஏதாவது ஒன்றைச் சொல்வார். பிறகு அவள் இருமலுக்கு என்ன சாப்பிடுகிறீர்கள் என்பாள், மாப்பிள்ளைக்கு ஷிப்டு மாறியிருக்கிறது என்பாள். நடுவில் பேச்சு அறுந்துபோனால் இருவரும் பேரவையைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். பேரவை இருவருக்கும் பொதுவான உறவுக்காரர் மாதிரி ஆகிவிட்டது.

ஆனால் ஐந்தாவது மனுவையும் கொடுத்த பிறகு வேலுசாமிக்கு உள்ளூர ஒரு பயம் பிடித்தது. அவள் கூப்பிடுவது செய்தி வருவதால்தானே. செய்தி நின்றுவிட்டால் எதைச் சொல்லிக் கூப்பிடுவாள்? அப்பா எப்படி இருக்கிறீர்கள் என்று சும்மா கேட்பதற்கு, அந்த வாசலில் நடந்தது இன்னும் குறுக்கே நிற்கிறது. அதனால் ஆறாவது மனுவை அவர் கொடுக்கவில்லை. அலுவலகப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார்.

பேரவை நிறுத்தவில்லை. மார்கழி மாதம் ஆண்டறிக்கை வெளியானது. பங்கேற்ற நானூற்றுப் பதினேழு பேரில் நானூற்றுப் பதினாறு பேர் வந்து சேர்ந்துவிட்டனர், எஞ்சிய ஒருவர் முன்னேறிக்கொண்டிருக்கிறார், அவர்மீது பேரவை முழு நம்பிக்கை வைத்திருக்கிறது என்று அதில் இருந்தது. நன்கொடைக்காரர்கள் அதைப் படித்துவிட்டு, அந்த ஒருவர் உள்ளூர்க்காரர் என்று தெரிந்ததும், அவர் வந்து சேர்ந்தால்தான் அடுத்த வருஷத்துக்கு யோசிப்போம் என்று எழுதிவிட்டார்கள். உடனே ஐந்து மனுக்களும் ஒரே நாளில் படிக்கப்பட்டன. அத்தனையும் நியாயமானவை என்று பேரவை கண்டுபிடித்தது.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், செண்பகனூரில் வேலுசாமியின் ஒற்றை அறை வீட்டு முன்னால் ஜீப் வந்து நின்றது. பரமானந்தமும் ஜேசனும் ஜென்சியும் இறங்கினார்கள். பின்னாலேயே பாய் இறங்கியது, கம்ப்யூட்டர் இறங்கியது, வருகை ஏற்பு விழா என்று எழுதிய பேனர் இறங்கியது. ஓட்டக்காரரால் பாய்க்கு வர முடியாதபோது பாய் ஓட்டக்காரரிடம் வரலாம் என்று புதிதாக ஒரு விதி சேர்த்திருந்தார்கள். கம்ப்யூட்டருக்குப் பக்கத்து வீட்டிலிருந்து கரன்ட் இழுத்தார்கள். வாசலுக்குக் குறுக்கே பாயை விரித்தார்கள். தலைவரே குனிந்து நாலு மூலையிலும் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டார். தண்ணீர்ப் பந்தலை விட்டுவிட்டு வந்த செல்லப்பாண்டியும், தெருவில் ஏழெட்டுப் பேரும் வேடிக்கை பார்க்க நின்றார்கள்.

"இந்தப் பேரவைமேல பல பேர் குறை சொன்னாங்க. ஒரு ஏழைத் தோட்டக்காரரை நாலு மாசம் ஓட வெச்சோம்னு பேசினாங்க" என்று பரமானந்தம் ஆரம்பித்தார். "நான் ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். வேற எந்த அமைப்பு ஒரு தனி மனுஷனுக்காக நாலு மாசம் காத்திருக்கும்? அவர் எங்க இருக்கார்னு தினமும் ஆறு மணிக்கு யார் நினைச்சுப் பார்த்தாங்க? நாங்க பார்த்தோம். அவரை நேர்ல பார்த்தப்பகூட, அவசரப்பட்டு அவர் வந்துட்டார்னு நாங்க முடிவு பண்ணிடல."

செல்லப்பாண்டி மட்டும் கை தட்டினான். அவனுக்கு இனிமேல் குடத்தோடு உட்கார வேண்டாம்.

சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வரச் சொன்னார்கள். வேலுசாமி உள்ளே போனார். சாமி படத்துக்குக் கீழே துடைத்து வைத்திருந்த சப்பாத்தைக் காலில் மாட்டிக் கயிற்றைக் கட்டிக்கொண்டு நிலைப்படிக்கு வந்தார். வாசலுக்கு வெளியே ஒரே எட்டு. ஜேசன் திரையைப் பார்த்தபடி தயாராக இருந்தான்.

"நான் மிதிச்சா மெசேஜ் போயிருமா தம்பி?" என்று வேலுசாமி கேட்டார்.

"போயிருங்க. நல்லபடியா வந்து சேந்துட்டார்னு போகும்."

"பெறகு?"

"பெறகு ஒண்ணும் இல்லீங்க. உங்க பேரை குளோஸ் பண்ணிருவோம். அதுக்கப்புறம் மெசேஜ் வராது."

வேலுசாமி பாயைப் பார்த்தார், அதன் மூலையில் ஈரம் காயாத குங்குமத்தைப் பார்த்தார். நாலு மாதத்துக்கு முன்னால் எந்தச் சூதும் அறியாமல் செய்த காரியத்தை இப்போது நன்றாக அறிந்து செய்தார். நிலைப்படியிலேயே உட்கார்ந்து சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்தார். பாயைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். சப்பாத்து இரண்டையும் முடிச்சுப் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு எழுந்தார். வெறுங்காலோடு நிதானமாக அதைக் கடந்து தெருவுக்கு வந்து நின்றார்.

கம்ப்யூட்டர் வாயைத் திறக்கவில்லை.

பரமானந்தம் அவரைத் திரும்பவும் உள்ளே போய், சப்பாத்தோடு வரச் சொன்னார்.

"பாய்ல பொட்டு வெச்சிருக்குங்கய்யா" என்றார் வேலுசாமி. "நீங்களே உங்க கையால வெச்சீங்க. அதைச் சப்பாத்தோட மிதிக்க எனக்கு மனசு வராதுங்கய்யா."

பொட்டை அழித்துவிடலாமா என்று ஜேசன் மெதுவாகக் கேட்டான். தெருக்காரர்கள் முகம் மாறியது. ஜென்சி வேறு பக்கம் பார்த்தாள். வைத்த பொட்டைத் தலைவர் தன் கையால் அழிப்பதை எந்த விதியும் அனுமதிக்கவில்லை, தடுக்கவுமில்லை. விதி இல்லாத இடத்தில் பரமானந்தத்துக்குக் கை கால் ஓடாது. இதை அடுத்த கூட்டத்தில் வைப்போம், அதுவரை 417 பாதையில் இருப்பதாகவே கருதப்படும் என்று அறிவித்தார். செல்லப்பாண்டி தலையில் கை வைத்தபடி மேட்டுக்குத் திரும்பிப் போனான். ஐந்தரைக்குப் பாயைச் சுருட்டி, கம்ப்யூட்டரை ஜமுக்காளத்தில் சுற்றி ஜீப்பில் ஏற்றிக்கொண்டு எல்லோரும் கிளம்பிப் போனார்கள்.

வேலுசாமி போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தார். பனி இறங்க ஆரம்பித்தது. ஆறு மணி ஆயிற்று. ஆறேகால் ஆயிற்று. போன் அடிக்கவில்லை. ஜேசன் போகிற வழியில் கோபத்தில் பேரை மூடிவிட்டானோ, வந்துவிட்டார் என்று செய்தி போய்விட்டதோ என்று பயந்தார். ஆறரை ஆயிற்று. மனப்பாடமாகிவிட்ட நம்பரை அவரே அழுத்தினார். மணி அடிப்பதற்குள், பழையபடி, துண்டித்துவிட்டார். தெருவில் ஒருவரும் இல்லை. இத்தனை தனியாக அந்த நாலு மாதத்தில் அவர் ஒருநாளும் இருந்ததில்லை.

ஏழு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது போன் அடித்தது.

"அப்பா, இன்னைக்கு மெசேஜே வரல" என்றாள் சத்தியபிரியா. மூச்சு வாங்கியது அவளுக்கு. "ஆறு மணிலேர்ந்து போனையே பாத்துட்டு இருந்தேன். வரும் வரும்னு பாத்தேன், வரல. மனசு கேக்கல, அதான் நானே கூப்பிட்டேன்."

வேலுசாமிக்கு அப்போதுதான் விளங்கியது. ஆறு மணிக்குக் கம்ப்யூட்டர் ஜீப்பின் பின்சீட்டில், ஜமுக்காளத்துக்குள் உயிரில்லாமல் கிடந்திருக்கிறது. இன்றைக்கு அவளை யாரும் கூப்பிடச் சொல்லவில்லை. அவள் கூப்பிட்டிருக்கிறாள். போனைக் காதில் வைத்தபடியே வாசல்படியிலிருந்து எழுந்து நின்றார்.

"என்னப்பா, சத்தத்தையே காணோம். வந்து சேந்துட்டீங்களா?"

"இன்னும் இல்லம்மா" என்றார். "வந்துகிட்டேதான் இருக்கேன்."

"சரி, மெதுவா வாங்க" என்றாள் அவள். "நாளைக்கும் கூப்பிடுறேன்."